உள்ளூர் நிருபர் வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் கணக்கு

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. இதழியல் முதுகலை முடிக்கப்போகும் தங்கையை, சொந்த ஊரான பென்னாகரத்தில் இருந்தபடியே நிருபர் வேலைக்கு அனுப்பலாமா? அது சரிவராது என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு செய்தித் தளத்தை இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினால் நிற்குமா?

முதல் கேள்விக்கு: போகட்டும், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவதற்கு: நிற்க வைக்கலாம், யூடியூப் விளம்பரப் பணத்தை நம்பாமல் இருந்தால். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

அச்சுப் பத்திரிகையின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள ஒரு பிரதியை எடை போட்டாலே போதும். செய்தித்தாள் காகிதம் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம். பெரிய அளவுப் பத்திரிகையின் ஒரு பக்கம் ஏறத்தாழ 33 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். 12 பக்கம் என்றால் ஆறு தாள், எடை 48 கிராம் வரும். கழிவு போக ஒரு டன்னுக்கு 20 ஆயிரம் பிரதி தேறும். காகிதம் கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் வெறும் தாளுக்கே பிரதிக்கு 2 ரூபாய் 90 காசு. அதற்குமேல் மை, அச்சு, விடியற்காலையில் கட்டு ஏற்றிப் போகும் வண்டி, ஏஜென்ட் கமிஷன், விற்காமல் திரும்பும் ரிட்டர்ன். கடையில் ஆறு, ஏழு ரூபாய்க்கு விற்றாலும் நிர்வாகத்தின் கைக்கு வருவது செலவைத் தொடாது. மீதியை எப்போதும் விளம்பரம்தான் நிரப்பியது. இறக்குமதிக் காகிதத்துக்கு 2019 பட்ஜெட்டில் 10 சதவீத சுங்கவரி போட்டு, மறு வருடம் 5 ஆகக் குறைத்தார்கள். 2020 ஊரடங்கில் விளம்பரம் படுத்தது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் காகித விலை எகிறியது. (கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதமும் எழுதும் காகிதமும் செய்வதற்காக 1979ல் தொடங்கப்பட்ட கரூர் டிஎன்பிஎல் அரசு ஆலை எழுதும் காகிதத்துக்கு மாறிப் பல காலம் ஆகிறது.) கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பிரதிக்கு 48 காசு ஏறும், லட்சம் பிரதி அடிப்பவருக்கு ஒரே நாளில் 48 ஆயிரம் ரூபாய். பக்கத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. குறைக்கும்போது முதலில் கை வைப்பது மாவட்டப் பக்கத்தில். சேலத்தோடு இந்த இரண்டு மாவட்டத்தையும் சேர்த்துக் கட்டினால் அரூருக்கும் அஞ்செட்டிக்கும் ஆளுக்கு நாலு வரிதான் மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் அச்சு நிற்பதற்குக் காரணம் சட்டம் கட்டாயப்படுத்தும் விளம்பரங்கள். கடன் கட்டாத சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால், 2002ஆம் வருட விதிப்படி இரண்டு முன்னணி நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். 2013 நில எடுப்புச் சட்டமும் இதே மாதிரி இரண்டு நாளிதழ் கேட்கிறது. டெண்டர் விளம்பரமும் ஒரு காலத்தில் பெரிய வரும்படி. இப்போது ஆன்லைன் டெண்டர் வந்துவிட்டதால் முழு விவரமும் இணையத்தில் போய், பத்திரிகையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெட்டி வருகிறது. நாளைக்கு விதியைத் திருத்தி மற்ற அறிவிப்புகளும் இணையத்தில் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டால், பல பதிப்புகள் அந்த வருடமே மூடும் என்பது என் கணிப்பு.

இந்த நிலையில் தாலுகா நிருபர் எப்படி வாழ்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் சம்பளத்தில் வாழவில்லை. மாதத்துக்கு ஒரு சிறு தொகை, பெட்ரோலுக்குப் பாதி, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும், 2011ல் அறிவித்து 2014ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த மஜீதியா ஊதியக் குழுவின் சம்பளமும் பகுதிநேர நிருபரை எட்டியதே இல்லை என்று சொல்லலாம். பிரச்சினை வறுமை மட்டுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 15க்கு வாழ்த்து விளம்பரம் கேட்டு எந்தத் தனியார் மருத்துவமனை வாசலில் நிற்கிறாரோ, அதே மருத்துவமனையில் பிரசவத்தில் தாய் இறந்தால் அவர்தான் செய்தி எழுத வேண்டும். எழுதுவாரா?

அதனால் செய்தி வரும் பாதையே மாறிவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் இருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்திக்குறிப்பு, இரண்டு போட்டோ வந்துவிடும். மொத்தம் இத்தனை மனுக்கள், இத்தனை பயனாளிகளுக்கு உதவி. செவ்வாய் காலை எல்லா இடத்திலும் அதே வாக்கியம், அதே போட்டோ. போன மாதம் வாங்கிய மனுக்களில் எத்தனை முடிந்தது, எத்தனை ‘தகுதியில்லை’ என்று ஒரே வரியில் மூடப்பட்டது என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் ஒரு நாள் வேலை போகும். அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுப்பவர் யாரும் இல்லை. செய்தி உண்மையில் குறைந்துபோனது இந்த இடத்தில்தான். போன் முழுக்கச் செய்தி கொட்டுகிறது. நேரில் போய்ச் சரிபார்த்த செய்தி அதில் எவ்வளவு என்று பாருங்கள்.

யூடியூப் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் சேனலுக்கு வரும், ஷார்ட்ஸ் என்றால் 45. அதற்கே 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) சேர வேண்டும். சேர்ந்துவிட்டது என்றே வைப்போம். இரண்டு பேர் சம்பளம், பெட்ரோல், இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 60 ஆயிரம் வேண்டும், ஆயிரம் பார்வைக்கு 20 ரூபாய் கையில் நிற்கிறது என்றால் மாதம் 30 லட்சம் பார்வை தேவை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் 18.8 லட்சம் பேர். கைக்குழந்தை உட்பட கிட்டத்தட்ட இரண்டு மாவட்டமும் மாதம் ஒருமுறை உங்கள் வீடியோவைப் பார்த்தாக வேண்டும். நடக்கிற காரியமா? அதனால்தான் உள்ளூர்ச் சேனல்கள் ஆறே மாதத்தில் உள்ளூரை விட்டுவிடுகின்றன. பாலக்கோடு பேரூராட்சிக் கூட்டத்தை எடுத்தவர், நடிகர் விவாகரத்துக்கும் ‘அதிர்ச்சி வீடியோ’வுக்கும் போய்விடுவார். பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டுப் பதிப்புரிமைப் புகார் வாங்குவது தனி. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலையே இழுத்து மூடிவிடுவார்கள்.

அதே 60 ஆயிரத்தை வேறு மாதிரி பிரித்துப் பாருங்கள். மாதம் 100 ரூபாய் கொடுக்க 600 பேர். 34 லட்சம் பேரில் 600 பேர் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் யாரும் ‘ஜனநாயகத்தின் நான்காவது தூண்’ என்பதற்காகப் பணம் கட்ட மாட்டார்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஒரு முடிவெடுக்க முடிந்தால் கட்டுவார்கள். இந்த இரண்டு மாவட்டத்தில் அப்படிப்பட்ட செய்தி நிறையவே இருக்கிறது.

காவிரி நீர்வரத்து ஒன்று. ஒகேனக்கல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதை, மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கிறது. பரிசல் ஓட்டுபவர், மீன் சமைத்துக் கொடுப்பவர், லாட்ஜ்காரர், பெங்களூரில் இருந்து காரில் கிளம்பப் போகும் குடும்பம் என்று எல்லோருக்கும் அந்த எண் வேண்டும். நீர்வரத்து கூடினால் கலெக்டர் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடுவார். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்ட அளவைக் கூட்டி ‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து’ என்று போட்டுவிடுவது. அங்கே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். நடுவில் பெய்யும் மழை கூட்டும், பாசனம் குறைக்கும். எண்ணோடு எந்த இடம், எத்தனை மணி அளவு என்ற இரண்டும் இல்லையென்றால் அதைப் போடக்கூடாது. இன்னொரு குழப்பம் கன அடிக்கும் டிஎம்சிக்கும். நீர்வரத்துச் செய்தியில் கன அடி என்பது வினாடிக்கு ஓடும் அளவு, டிஎம்சி என்பது மொத்தத் தண்ணீரின் அளவு, அதாவது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்தவர் மேட்டூர் செய்தியில் சறுக்க மாட்டார்.

மழையும் அப்படித்தான். காலை 8.30 மணி வரையிலான 24 மணிநேரத்தைத்தான் வானிலைத் துறை ஒரு நாள் என்று கணக்கிடும். ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் பதிவான 50 செ.மீ. என்பது 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணிநேரத்தின் அளவு. அதை ‘டிசம்பர் 2ல் பெய்தது’ என்று எழுதினால் ஒரு நாள் தள்ளிப்போகும், அணை திறந்த நேரத்தோடு பொருந்தாது, அப்புறம் யார் மீது தவறு என்று எழுதும் செய்தி முழுவதும் கோணலாகிவிடும்.

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி விலை எழுதுவதானால் நான்கு விஷயம் வேண்டும். பெட்டி எத்தனை கிலோ, அன்றைய குறைந்த விலை, அதிக விலை, பெருவாரியாக எந்த விலைக்குப் போனது. உழவர் சந்தைப் பலகையில் எழுதியிருப்பது நுகர்வோர் வாங்கும் விலை. அதை ‘மண்டியில் விவசாயிக்குக் கிடைத்தது’ என்று போடுவது பெரிய பிழை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் விலையைத்தான் எழுதினார்கள். அந்த மாதம் பறிக்கக் காய் வைத்திருந்த விவசாயி எத்தனை பேர் என்று எழுதியிருந்தால் அது செய்தி. மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்குக் கொடுக்கும் விலைக்கும் இதே முறைதான்.

யானைச் செய்திக்குத் தனிப் பக்குவம் வேண்டும். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, சானமாவு பக்கம் கூட்டம் இறங்கியிருக்கிறது என்றால் எந்த ஊர்க்காரர் வெளியே வரக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். எந்தத் தோப்பில் நிற்கிறது என்று நேரலை போட்டால் அரை மணியில் நூறு பைக் வந்து நிற்கும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் மூன்று யானைகள் மின்வேலியில் செத்தது நாடு முழுக்க வந்தது. அதற்குப் பிறகு எத்தனை வேலி சோதித்தார்கள், எத்தனை இணைப்பைத் துண்டித்தார்கள் என்பது மின்வாரியத்தில் கிடைக்கும் காகிதம். அதைப் பின்தொடர்வதுதான் நிருபர் வேலை.

ஓசூரில் பணம் புரள்வது மனை வியாபாரத்தில். அதனால் பொய்யும் அங்கேதான் விலை போகிறது. 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில், வருடம் 3 கோடிப் பயணிகள் கையாளும் விமான நிலையம் ஓசூரில் வரும் என்று அறிவித்தார். மறுநாளே ‘விமான நிலையம் அருகில்’ மனை விளம்பரம். பசுமைவெளி விமான நிலையக் கொள்கைப்படி முதலில் இட அனுமதி, பிறகு கொள்கை அளவு ஒப்புதல் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் இரண்டு படி இருக்கிறது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், அது திறந்த 2008ல் இருந்து 25 வருடத்துக்கு 150 கி.மீ. சுற்றில் புதிய விமான நிலையம் வரக்கூடாது என்ற ஷரத்தும் இருக்கிறது. இந்த மூன்று காகிதமும் எந்த நிலையில் உள்ளன என்று மாதம் ஒருமுறை நேராக எழுதும் தளத்துக்கு, மனை வாங்க நினைப்பவர் 100 ரூபாய் யோசிக்காமல் கட்டுவார். அதே தளம் மனைக்காரரிடம் விளம்பரம் வாங்கலாமா? வாங்கலாம், ஒரு வரம்போடு. எந்த ஒரு விளம்பரதாரரும் மாத வரவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அவர்தான் ஆசிரியர்.

இப்படி வரும் பணம் எதற்கு என்றால், யாரும் காசு கொடுக்காத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலைக்கு. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ல் வனத்துறையினரும் போலீசாரும் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29ல். 31 வருடம். முதல் நாள் போகும் கேமரா 31 வருடம் நிற்காது. தேதி, வாய்தா, சாட்சி என்று கோப்பு கட்டி வைத்திருக்கும் ஒரு ஆள் மாவட்டத்தில் வேண்டும். இப்போது அது முன்பைவிட எளிது: வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸில் அடுத்த வாய்தா தெரியும். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணிநேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழும் ஒவ்வொரு முறையும் தனித்தனிச் செய்தியாக வந்து போகிறது. ஒவ்வொன்றின் தேதி, நேரம், வண்டி வகை, எந்தப் பக்கம் இறங்கியது, பிரேக்கா டயரா என்று முதல் தகவல் அறிக்கையைப் பார்த்து ஒரு அட்டவணையில் ஏற்றிக்கொண்டே வந்தால், ஒரு வருடத்தில் வேறு யாரிடமும் இல்லாத செய்தி உங்களிடம் இருக்கும்.

தகவல் உரிமை மனுவை நிறைய பேர் வீணாக்குகிறார்கள். ‘எங்கள் ஊர் சாலை ஏன் மோசமாக இருக்கிறது’ என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலை இல்லை என்று பதில் வரும். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், பணம் பட்டுவாடா செய்த பில். சாலைப் பெயரும் நிதியாண்டும் கட்டாயம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலர் மறக்கும் ஒரு பிரிவு 2(ஜே): நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. 2025 நவம்பரில் இருந்து பிரிவு 8(1)(ஜே) மாறிவிட்டது. தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். ஆகவே பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்னும் 8(2)ஐ மனுவிலேயே குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

சிக்கவைக்கும் இடங்களைச் சொல்ல வேண்டும். இங்கே குழந்தைத் திருமணமும் போக்சோ வழக்கும் அடிக்கடி வரும். பெயரை மாற்றிவிட்டோம், போதும் என்று நினைப்பார்கள். போக்சோ சட்டம் பிரிவு 23 பெயரோடு நிற்பதில்லை. முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதுவும் கூடாது, மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘பென்னாகரம் அருகே மலைக்கிராமம், பத்தாம் வகுப்பு, தந்தை பெங்களூரில் கட்டட வேலை’ என்று எழுதினால் அந்த ஊரில் அது ஒரே ஒரு பிள்ளை. மாவட்டம், வயது, குற்றச்சாட்டு, வழக்கின் நிலை. அதோடு நிறுத்துங்கள்.

ஆதாரத்தைக் காப்பது அடுத்தது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் எல்லாம் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தவர் போனில் அசல் கோப்பு இருக்கட்டும். அவதூறு வழக்கு வந்தால் அசல்தான் நிற்கும், அதன் நகலைத் தாக்கல் செய்வதானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63ன்படி சான்று வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செய்திக்குறிப்பைச் சுருக்கி எழுதும் நிருபர் வேலை அதனிடம் போவது உறுதி, போய்க்கொண்டே இருக்கிறது. பேட்டிப் பதிவை எழுத்தாக்க, 80 பக்க அரசாணையில் தேட, அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணையும் மேற்கோளையும் மட்டும் அதன் கையில் விடாதீர்கள். மில்லியனைக் கோடியாக்கும், யாரும் சொல்லாததை மேற்கோள்குறிக்குள் போடும். படிக்க அது எவ்வளவு சரளமாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து.

தளம் தொடங்குவதற்கான சட்டப் பக்கம் சின்னதுதான். அச்சில் வந்தால் 2024 மார்ச் 1ல் அமலுக்கு வந்த புதிய பதிவுச் சட்டப்படி ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். வெறும் இணையத் தளத்துக்கு அது வேண்டாம். அதற்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். அதில் தளங்கள் நெறிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் 9(1), 9(3)ஐ மும்பை உயர் நீதிமன்றம் 2021ல் நிறுத்திவைத்தது. இருந்தாலும் குறைதீர் அலுவலர் பெயரைத் தளத்தில் போட்டு, புகார் வந்தால் 24 மணிநேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் முடிவு தெரிவிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் போட்டால் பழைய வரியைச் சத்தமில்லாமல் மாற்றாமல், என்ன தவறு, எப்போது திருத்தியது என்று கீழே எழுதுங்கள். ‘பிரஸ்’ ஸ்டிக்கரை வண்டியில் ஒட்ட வேண்டாம்; இந்த மாவட்டங்களில் அதற்கு இருக்கும் பெயர் உங்களுக்கே தெரியும்.

தங்கை முதல் இரண்டு வருடம் நாளிதழிலோ டிவியிலோ இருக்கட்டும் என்று சொன்னது தாலுகா ஆபீஸ், கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், மண்டி, வனத்துறை என்று ஆட்களைப் பழகிக்கொள்ளத்தான். அந்த அறிமுகம் தனியாகத் தொடங்குபவருக்குச் சுலபத்தில் கிடைக்காது. அந்தக் காலத்திலேயே வருடத்தில் ஆறு கிராம சபைகளுக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஒவ்வொரு முறையும் வேறு ஊராட்சிக்குப் போய் வரவு செலவு அறிக்கையின் நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வேலையை விடும்போது கையில் 12 ஊராட்சிகளின் கணக்கும், 200 பேர் போன் எண்ணும், தொப்பூர் அட்டவணையும் இருந்தால், 600 சந்தாதாரரைத் தேடத் தொடங்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவு போக 3 லட்சம் ரூபாய் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் நாலாவது மாதம் அந்த மருத்துவமனை வாசலில் வாழ்த்து விளம்பரத்துக்கு நிற்க வேண்டியிருக்கும்.